மாத்திரை எடுத்துக் கொடுப்பவரைக் கூப்பிடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மருந்தாளுநருக்கான டி.ஃபார்ம். பட்டயப் படிப்பை முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருக்கும் என் அக்காள் பேரன், சென்ற வாரம் ஒரு வேலைவாய்ப்பு விளம்பரத்தைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தான். மருந்துக் கடை ஒன்றுக்கு மருந்தாளுநர் தேவை என்ற அந்த விளம்பரத்தில், சம்பளத்துக்கும் வேலை நேரத்துக்கும் நடுவே, ஒரே நேரத்தில் பல வேலைகளைச் செய்யும் திறன் கட்டாயம் என்று அச்சிட்டிருந்தார்கள். அவன் நேரில் போய் விசாரித்தும் வந்திருந்தான். மருத்துவரின் சீட்டைப் பார்த்து மருந்து எடுப்பது, தொலைபேசியில் வரும் ஆர்டரைக் குறித்துக்கொள்வது, வாட்ஸ்அப்பில் வரும் சீட்டுகளுக்கு விலை சொல்வது, பில் போடுவது, வீடுகளுக்கு மருந்து கொண்டுபோகும் பையனுக்கு வழி சொல்வது ஆகிய ஐந்தையும் கவுன்டரில் நிற்கும் ஒருவரே பார்க்க வேண்டுமாம். "எனக்கு அது வருமா தாத்தா?" என்று அவன் கேட்டான். அவனுக்குச் சொன்ன பதிலைத் தங்கள் வாசகர்களும் படித்தால் நல்லது என்று தோன்றியதால் இதை எழுதுகிறேன். கடிதம் சற்று நீளமாகிவிட்டதற்குப் பொறுத்தருள வேண்டும்.

முப்பத்திரண்டு ஆண்டுகள் பல ஊர்களின் அரசு மருத்துவமனைகளில் மருந்தாளுநராக வேலை பார்த்தவன் நான். மல்டி டாஸ்கிங் என்று இன்று பெருமையாகச் சொல்லப்படும் பல்பணித் திறமை, கவனம் கேட்கும் வேலைகளைப் பொறுத்தவரை ஒரு திறமையே அன்று என்பது என் அனுபவம். அது கவனத்தைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு வேலைக்கும் ஒரு துண்டைப் போடுவது. பெரும்பாலான நாட்களில் அந்தத் துண்டே போதுமானதாக இருந்துவிடுகிறது. போதாமல் போகும் நாளில் அதற்கான விலையைக் கொடுப்பவர் கவுன்டருக்கு இந்தப் பக்கம் நிற்பவர் அல்லர், அந்தப் பக்கம் நிற்பவர்.

ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகளுக்கு முன் நடந்ததைச் சொல்கிறேன். தொற்றா நோய்ப் பிரிவில் ஒரு மாதத்துக்கான மாத்திரைகளைச் சேர்த்துக் கொடுக்கும் நாள் அது. சன்னலுக்கு வெளியே வரிசை படிக்கட்டு வரை நின்றது. எழுபது வயதிருக்கும் ஒரு பாட்டியின் சீட்டில் இரத்த அழுத்தத்துக்கான அட்டெனலால் மட்டும் எழுதியிருந்தது. நான் அலமாரிப் பக்கம் திரும்பிய நேரத்தில், இருப்புக் கணக்கைக் கேட்டு மேலிடத்திலிருந்து கைப்பேசி அழைப்பு வந்தது. கைப்பேசியைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, எத்தனை பெட்டி வந்தது, எத்தனை பெட்டி செலவானது என்று பதில் சொல்லிக்கொண்டே, மூன்று அட்டைகளை எடுத்து உறையில் போட்டு, காலை ஒன்று என்று எழுதிக் கொடுத்தேன். கை தன் வேலையைச் செய்தது. எழுத்தும் சரியாகவே இருந்தது. ஆனால் நான் எடுத்தது பக்கத்துத் தட்டில் இருந்த கிளிபென்கிளமைடு, அதாவது சர்க்கரை நோய்க்கான மாத்திரை.

அந்தப் பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவர் சன்னலை விட்டு நகராமல், உறையிலிருந்து ஓர் அட்டையை வெளியே எடுத்துப் பின்பக்கம் முன்பக்கம் திருப்பிப் பார்த்து, கட்டை விரலால் ஒரு மாத்திரையைத் தடவி, "தம்பி, இது என்னோடது இல்லையே, என்னோடது இதைவிடப் பெரிசா இருக்குமே" என்றார். பின்னால் நின்றவர்கள் நகரச் சொல்லி அவசரப்படுத்தினார்கள். அவர் நகரவில்லை. நான் வாங்கிப் பார்த்தபோது என் கை நடுங்கியது. சர்க்கரை நோய் இல்லாத ஒருவர் அந்த மாத்திரையை நாள்தோறும் விழுங்கினால் இரத்தச் சர்க்கரை அளவு மிகவும் இறங்கி நினைவு தப்பிவிடும். தனியாக இருக்கும் முதியவர் என்றால் உயிரே போகலாம். மருந்தியல் படித்த நான் கவனிக்காததை, எழுத்தறியாத அந்த அம்மையார் கவனித்தார். அந்த நிமிடத்தில் அவரிடம் வேறு வேலை இல்லை. கண்ணும் கருத்தும் தம் கையில் இருந்த அட்டையின் மேல் மட்டுமே இருந்தன.

அன்று என் தலைக்குள் நடந்தது என்ன என்பதைப் பிற்பாடுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். மல்டி டாஸ்கிங் என்பது மனிதரைப் பற்றிப் பிறந்த சொல்லே அன்று. 1960-களில் கணினித் துறையில் பிறந்தது. ஒரே செயலியை (புராசசரை) கொண்ட அந்தக் காலத்துக் கணினியும் உண்மையில் பல வேலைகளை ஒரே கணத்தில் செய்யவில்லை. ஒரு வேலையைக் கொஞ்சம் பார்த்து, அது நின்ற இடத்தைக் குறித்து வைத்துவிட்டு, அடுத்ததற்குத் தாவி, மீண்டும் முதல் வேலைக்கு வந்து, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. தாவல் மிக விரைவாக நடந்ததால் எல்லாம் ஒன்றாக நடப்பதுபோல் தெரிந்தது. மனித மனமும் அப்படித்தான் தாவுகிறது. ஆனால் விட்ட இடத்தைக் கணினி போல் பிசகாமல் குறித்து வைக்க அதற்குத் தெரியாது. ஒரு வேலையிலிருந்து மற்றொன்றுக்கு மாறும் ஒவ்வொரு முறையும் சிறிது நேரம் வீணாவதையும் பிழைகள் கூடுவதையும் உளவியல் ஆய்வாளர்கள் பல பத்தாண்டுகளாகச் சோதித்துக் காட்டி வருகிறார்கள். விட்டு வந்த வேலையின் நினைப்பு அடுத்த வேலைக்குள்ளும் கொஞ்ச நேரம் ஒட்டிக்கொண்டே இருக்கிறது என்பதும் அவர்கள் கண்டது. பெட்டிகளின் எண்ணிக்கை மனத்தில் ஓடிக்கொண்டிருந்தபோது, என் கண் அட்டையின் மேல் அச்சிட்டிருந்த பெயரைப் பார்த்தது, ஆனால் படிக்கவில்லை.

இந்த ஆய்வுகள் எல்லாம் ஒரே பக்கமாகப் பேசுகின்றன என்று நான் சொல்லவில்லை. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தைச் சேர்ந்த குளோரியா மார்க் என்பவரும் அவருடன் சேர்ந்து ஆய்ந்தவர்களும் 2008-ல் வெளியிட்ட முடிவு என்னையே முதலில் திகைக்க வைத்தது. மின்னஞ்சல்களுக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தவர்களை இடையிடையே குறுக்கிட்டுப் பார்த்தபோது, அவர்கள் வேலையை இன்னும் விரைவாகவே முடித்தார்கள், தரமும் குறையவில்லை. ஆனால் மன அழுத்தமும் எரிச்சலும் நேர நெருக்கடியும் அவர்களிடம் கூடியிருந்தன. இழந்த நேரத்தை ஈடுகட்ட மனிதர் அரக்கப்பரக்க ஓடுகிறார், வேலையும் முடிகிறது, அதற்கான செலவு உடம்பின் கணக்கில் எழுதப்படுகிறது. மாலையில் வீடு திரும்பும்போது, பெரிதாக ஒன்றும் செய்யாதது போலவும் அடித்துப் போட்டது போலவும் ஒரே நேரத்தில் தோன்றுகிறதே, அந்தக் களைப்புக்குக் காரணம் இதுதான் என்று நான் நினைக்கிறேன். பல திரைகளை ஒரே நேரத்தில் பார்த்துப் பழகியவர்கள், தேவையற்றதை ஒதுக்கும் சோதனைகளில் மற்றவர்களைவிடப் பின்தங்கினார்கள் என்று ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வு ஒன்று 2009-ல் சொன்னது. பின்னால் வந்த ஆய்வுகள் எல்லாவற்றிலும் அதே முடிவு கிடைக்கவில்லை என்பதால் அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

என் தொழிலைப் பற்றிய ஆய்வு ஒன்றை மட்டும் என்னால் எளிதில் கடந்து போக முடியவில்லை. ஆஸ்திரேலியாவில் சிட்னி நகரின் இரண்டு மருத்துவமனைகளில், செவிலியர் 98 பேர் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட தடவை மருந்து கொடுத்ததைக் கூடவே நின்று கவனித்து, 2010-ல் முடிவை வெளியிட்டார்கள். மருந்து கொடுக்கும்போது ஏற்பட்ட ஒவ்வொரு குறுக்கீட்டுக்கும், மருந்திலும் அளவிலும் ஏற்படும் பிழைகள் ஏறத்தாழ 13 விழுக்காடு கூடின. குறுக்கீடே இல்லாதபோது நோயாளிக்குப் பெருந்தீங்கு விளைவிக்கக்கூடிய பிழைக்கான வாய்ப்பு 2.3 விழுக்காடு, நான்கு முறை குறுக்கிட்டால் அது 4.7 விழுக்காடு, அதாவது இரு மடங்கு. அனுபவமுள்ள செவிலியரிடமும் குறுக்கீடு தன் வேலையைக் காட்டத்தான் செய்தது. "எனக்குப் பழக்கம், நான் சமாளித்துக்கொள்வேன்" என்று முப்பது ஆண்டுகள் சொல்லிக்கொண்டிருந்த என் போன்றவர்கள் இந்த எண்களைப் பார்த்தால் கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்துவிடுவார்கள்.

இரண்டு வேலைகளை ஒன்றாகச் செய்யவே முடியாதா என்று கேட்பார்கள். கட்டாயம் முடியும்; நம் வீடுகளிலும் தெருக்களிலும் அதை நாள்தோறும் பார்க்கிறோம். பேசிக்கொண்டே கீரை ஆய்வதும், கதை கேட்டுக்கொண்டே வெற்றிலை மடிப்பதும் யாருக்கும் சிரமம் இல்லை. எங்கள் தெரு முனையில் பூக்கடை வைத்திருக்கும் அம்மையார், மல்லிகையைக் கட்டும்போது கையைப் பார்ப்பதே இல்லை. இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு என்று மொட்டுகளை வைத்து, நாரைச் சுற்றி முடிச்சிட்டு இழுப்பது அவர் விரல்களுக்கு மூச்சு விடுவது போல் ஆகிவிட்டது. வாய் பேரம் பேசிக்கொண்டே இருக்கும். ஆனால் ஒன்றைப் பல நாள் கவனித்திருக்கிறேன். ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டினால், மீதிச் சில்லறை எண்ணும் அந்தச் சில நொடிகள் அவர் விரல்கள் நின்றுவிடும், பேச்சும் நின்றுவிடும். எண்ணிக் கொடுத்துவிட்டுத்தான் நாரை மறுபடி எடுப்பார். எது கைக்குப் பழகிய வேலை, எது கருத்தைக் கேட்கும் வேலை என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. அந்த வேறுபாட்டைத்தான் வேலைக்கு ஆள் எடுக்கும் விளம்பரங்கள் மறந்துவிட்டன.

பல்பணி நம் மரபிலேயே உள்ளது, ஒரே நேரத்தில் எட்டு, நூறு செய்திகளில் கவனம் வைக்கும் அட்டாவதானமும் சதாவதானமும் கண்ட மண் இது என்று மேடைகளில் சிலர் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். தமிழை நேசிப்பவன் என்ற முறையில் அதற்கும் பதில் சொல்ல விரும்புகிறேன். நாகர்கோவிலை அடுத்த இடலாக்குடியில் 1874-ல் பிறந்த செய்குத்தம்பிப் பாவலர், 1907-ல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் சதாவதானம் நிகழ்த்திக் காட்டியவர். வெண்பாவுக்கு ஈற்றடி கொடுப்பவர் ஒருவர், இலக்கணத்தில் ஐயம் கேட்பவர் ஒருவர், சதுரங்கத்தில் காய் நகர்த்துபவர் ஒருவர், முதுகில் மலர்களை எறிபவர் ஒருவர், இடையிடையே மணியடிப்பவர் ஒருவர் என்று சுற்றிலும் பலர் இருக்க, எல்லாருக்கும் பிசகாமல் பதில் சொல்வதே அந்தக் கலை. அதை இன்றைய பல்பணியோடு ஒப்பிடுவது பொருந்தாது. அவதானம் என்ற சொல்லுக்கே கவனம் என்றுதான் பொருள். யாழ்ப்பாணத்தார் இன்றும் "அவதானமாகப் போ" என்றால் கவனமாகப் போகச் சொல்கிறார்கள் என்று அர்த்தம். ஒருவர் கேள்வி கேட்கும்போது அவதானியார் அதில் முழுதாக இறங்கி, அதை நினைவில் பூட்டிவைத்துவிட்டு, பிறகே அடுத்தவரிடம் திரும்புகிறார். அதற்குப் பின்னால் பல ஆண்டுப் பயிற்சி இருக்கிறது. இத்தனைக்கும் நடுவில் அவர் கவனம் சிதறவில்லை என்பதற்காகத்தான் சபை அவரை வியந்தது. வியப்பதற்காகவே கூடிய சபை அது. அதை ஒரு கடையின் அன்றாட வேலை ஒழுங்காக ஆக்கி, பன்னிரண்டு மணி நேரம் நின்றுகொண்டே செய் என்று இருபத்திரண்டு வயதுப் பையனிடம் கேட்பது அந்தக் கலைக்கும் மரியாதை அன்று, அந்தப் பையனுக்கும் மரியாதை அன்று.

சாலைகளைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை. தலைக்கவசத்துக்கும் காதுக்கும் நடுவில் கைப்பேசியைச் செருகிக்கொண்டு, கை இரண்டும் வண்டியில்தானே இருக்கிறது என்ற நிம்மதியில் பேசிக்கொண்டே போகிறவர்களை எந்த ஊர்க் கடைத்தெருவிலும் காணலாம். 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம், வண்டி ஓட்டும்போது கைப்பேசியைக் கையில் பிடித்துப் பயன்படுத்துவதை ஆபத்தான ஓட்டுதலில் சேர்த்திருக்கிறது, அது நல்லதே. ஆனால் கையில் பிடிப்பது மட்டும்தான் குற்றம், காதில் மாட்டிக்கொண்டால் குற்றம் இல்லை என்று மக்கள் புரிந்துகொண்டிருக்கிறார்கள். அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் 2006-ல் வெளியான ஆய்வில், 40 பேரை ஓட்டுநர் பயிற்சிப் பொறியில் அமர்த்திப் பார்த்தார்கள். கைப்பேசியில் பேசியவர்கள் பிரேக் பிடிக்கத் தாமதித்தார்கள். கையில் பிடித்துப் பேசியவர்களுக்கும் காதில் மாட்டிப் பேசியவர்களுக்கும் வேறுபாடு இல்லை. முன்னால் போன வண்டியில் மோதிய மூவரும் பேசிக்கொண்டு ஓட்டியவர்களே. அளவாக மது கொடுக்கப்பட்டு ஓட்டியபோது யாரும் மோதவில்லை. மது குடித்துவிட்டு ஓட்டலாம் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. கை ஓய்வாக இருந்தால் மனமும் ஓய்வாக இருக்கும் என்று நாம் எண்ணுவது எவ்வளவு தவறு என்பதற்காகவே சொல்கிறேன். பின் இருக்கையில் குழந்தையை உட்கார வைத்துக்கொண்டு பேசியபடி போகும் தாய் தந்தையரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

விமானிகளுக்கு இந்தப் பாடம் மிகுந்த விலை கொடுத்துக் கிடைத்தது. 1974 செப்டம்பரில் அமெரிக்காவின் சார்லட் நகர விமான நிலையத்தை நெருங்கிய ஒரு பயணிகள் விமானம், ஓடுதளத்துக்கு முன்னாலேயே தரையில் மோதி, 70-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். இறங்கும் நேரத்தில் விமானி அறையில் அரசியலும் ஊர்க்கதையும் பேசிக்கொண்டிருந்தது பதிவுக் கருவியில் இருந்தது. 1981-ல் அந்த நாட்டு விமானப் போக்குவரத்து நிர்வாகம் ஒரு விதி கொண்டுவந்தது: விமானம் பத்தாயிரம் அடிக்குக் கீழே இருக்கும்போதும், ஏறும்போதும் இறங்கும்போதும், விமானத்தை ஓட்டுவதற்குத் தேவையில்லாத பேச்சும் வேலையும் விமானி அறையில் கூடாது; மற்றவர்களும் அவர்களை அழைக்கக் கூடாது. நாள் முழுவதும் ஊமையாக இருக்கச் சொல்லவில்லை. எந்த நிமிடங்கள் பிழை பொறுக்காதவை என்று கண்டறிந்து, அந்த நிமிடங்களைச் சுற்றி ஒரு வேலி போட்டார்கள்.

இந்த விதியைப் படித்தபோது எனக்கு என் தாயார் நினைவுக்கு வந்தார். விறகடுப்பில் பெரிய பானையில் சோறு வெந்ததும், வடிதட்டை மூடி, துணியால் இரு பக்கமும் இறுகப் பிடித்து, பானையைச் சாய்த்துக் கஞ்சி வடிப்பார். அந்த இரண்டு மூன்று நிமிடங்கள் வீட்டில் யாரும் அவரைக் கூப்பிடக் கூடாது, அடுக்களைக்குள் ஓடக் கூடாது. வாசலில் யார் வந்து நின்றாலும் அப்பாதான் போய்ப் பார்ப்பார். "அம்மா சோறு வடிக்கிறாள்" என்று அவர் சொன்னால் நாங்கள் நின்ற இடத்தில் நிற்போம். கொதிக்கிற கஞ்சி காலில் கொட்டினால் என்னவாகும் என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது. பத்தாயிரம் அடி விதியை எங்கள் வீட்டில் எழுதி வைக்கவில்லை, அவ்வளவுதான். அம்மாவின் கவனத்தை அம்மா மட்டும் காக்கவில்லை, வீடே சேர்ந்து காத்தது என்பதைத்தான் இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

இப்போது மைண்ட்ஃபுல்னெஸ் என்ற பெயரில், நடப்பதை நடக்கும்போதே மனம் ஒன்றிக் கவனிக்கும் பயிற்சி எங்கும் பேசப்படுகிறது. பௌத்த தியான மரபில் வேர் கொண்டது அது. அதை ஒரு பயிற்சியாக வகுத்து ஜான் கபாட்-ஜின் என்பவர் 1979-ல் மாசச்சூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் தொடங்கினார். தீராத வலியோடும் மன அழுத்தத்தோடும் வந்த நோயாளிகளுக்காகத் தொடங்கியது அது. அதன் பயனை நான் மதிக்கிறேன். காலையில் சற்று நேரம் மூச்சைக் கவனித்து உட்காருவது எனக்கும் பழக்கம். என் மனக்குறை வேறு. சனிக்கிழமை ஊழியர்களை உட்கார வைத்துக் கண்ணை மூடச் சொல்லிக்கொடுத்துவிட்டு, திங்கட்கிழமை அதே ஊழியரை ஐந்து வேலைகளுக்கு நடுவில் நிறுத்தினால், பயிற்சி எங்கே தங்கும்? தவறு நடந்த பிறகு "நீதான் கவனமாக இருந்திருக்க வேண்டும்" என்று அவரையே குற்றம் சொல்ல மட்டும்தான் அது உதவும். கவனம் என்பதைத் தனி மனிதரின் ஒழுக்கமாக மட்டும் பார்த்தால், வேலையை வகுத்துக் கொடுத்தவர் பொறுப்பிலிருந்து விலகிவிடுகிறார்.

வீடுகளிலும் இதையே காண்கிறேன். "அவளுக்குப் பத்துக் கை" என்று மருமகளைப் புகழும் வீடுகள் உண்டு. அடுப்பில் குழம்பு, பக்கத்தில் பிள்ளையின் பாடம், காதில் அலுவலகக் கூட்டம், நடுவில் கூரியர்காரரின் அழைப்பு என்று ஒரு பெண் சுழல்வதை அன்பாகத்தான் அப்படிச் சொல்கிறார்கள். ஆனால் அந்தப் பத்துக் கைகளில் எட்டு, வீட்டிலுள்ள மற்றவர்களின் கைகளாக இருந்திருக்க வேண்டியவை. அவருக்குத் திறமை இருக்கிறது என்று புகழ்ந்துவிட்டால் வேலையைப் பங்கிட்டுக்கொள்ள வேண்டியதில்லை என்று ஆகிவிடுகிறது. அவர் மனம் ஒன்றிச் செய்ய வேண்டும் என்று நாம் உண்மையாகவே விரும்பினால், அவருக்குத் தியானச் செயலி ஒன்றைப் பரிந்துரைப்பதைவிடப் பிள்ளையின் நோட்டை நாம் வாங்கிக்கொள்வது நல்லது. இதைச் சொல்லும்போது என் மனைவிக்கு நான் எத்தனை ஆண்டுகள் கடன்பட்டிருக்கிறேன் என்பதும் எனக்குத் தெரிகிறது.

அந்தப் பாட்டியின் நிகழ்ச்சிக்குப் பிறகு எங்கள் மருந்தகத்தில் நாங்கள் செய்தது மிகச் சிறிய மாற்றம். எழுத்தர் மேசை உள்ளறையில் இருந்தது. சன்னலில் இருப்பவரின் கைப்பேசி அங்கேயே வைக்கப்பட்டது. இருப்புக் கணக்கு கேட்டு யார் அழைத்தாலும் பிற்பகல் வரிசை முடிந்த பிறகே பதில் சொல்வோம் என்று தகவல் கொடுத்தோம். முதலில் கோபித்துக்கொண்டார்கள், பிறகு பழகிக்கொண்டார்கள். சர்க்கரை மாத்திரையையும் அழுத்த மாத்திரையையும் அடுத்தடுத்த தட்டில் வைக்காமல் எதிரெதிர்ச் சுவர்களுக்கு மாற்றினோம். உறையில் போடும் முன் அட்டையின் பெயரை வாய்விட்டுப் படிக்கும் வழக்கத்தையும் கொண்டுவந்தோம். வாய் ஒரு பெயரைச் சொல்லும்போது காதில் வேறொன்று புக முடியாது. அதனால் மனம் அட்டைக்குத் திரும்பி வந்தாக வேண்டும். இதற்காகப் பத்து காசும் செலவாகவில்லை. வரிசையும் முன்னைவிட மெதுவாக நகர்ந்ததாக எனக்குத் தோன்றவில்லை. பாதியில் விட்டு மறுபடி எண்ணும் வேலை இல்லாமல் போனதே அதற்குக் காரணமாக இருக்கலாம்.

மருந்துக் கடை நடத்துபவர்களிடம் என் வேண்டுகோள் ஒன்றுதான். கடையில் இரண்டு பேர் இருந்தால், மருந்து எடுப்பவர் ஒருவர், தொலைபேசியும் பில்லும் பார்ப்பவர் மற்றொருவர் என்று பிரித்துக்கொடுங்கள். ஒருவரே இருந்தால், சீட்டைக் கையில் வாங்கியது முதல் உறையை நீட்டும் வரை மணி அடித்தாலும் எடுக்க வேண்டாம் என்று முதலாளியாகிய நீங்களே சொல்லிவிடுங்கள். ஊழியர் தாமாக அதைச் செய்ய முடியாது. வேலை போய்விடுமோ என்ற பயம் அவருக்கு இருக்கும். மருந்து வாங்க வரும் நாமும், அவர் அலமாரியில் தேடும்போது "அதோடு ஒரு பற்பசையும் போடுங்கள்", "ஜிபே ஆகிவிட்டதா பாருங்கள்" என்று குரல் கொடுக்காமல், அவர் திரும்பி நம்மைப் பார்க்கும் வரை காத்திருக்கலாம். வீட்டுக்குப் போவதற்கு முன், அந்தப் பாட்டியைப் போல, கவுன்டரிலேயே நின்று அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டுப் போகலாம். பின்னால் நிற்பவர்கள் அவசரப்படுத்தினாலும் நகர வேண்டாம்.

என் அக்காள் பேரன் கேட்ட கேள்விக்கு, அது உனக்கு வராது, யாருக்கும் வராது, வரவில்லை என்று நீ வெட்கப்படவும் வேண்டாம் என்று பதில் சொன்னேன். அடுத்த வாரம் அவனுக்கு இரண்டு கடைகளில் நேர்முகம் இருக்கிறது. சம்பளத்தைக் கேட்கும் முன், "நான் மாத்திரை எடுக்கும்போது மணி அடித்தால் போனை யார் எடுப்பார்கள்?" என்று இரண்டு இடத்திலும் கேட்கச் சொல்லியிருக்கிறேன். நேராகப் பதில் சொல்லும் கடையில், சம்பளம் ஆயிரம் ரூபாய் குறைந்தாலும், சேர்ந்துகொள்ளச் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருந்தாளுநர் ஒருவர்,
கும்பகோணம்.